விடக்கூடாத நீல ஐசி

எந்த ஊர் என்று யாராவது கேட்டால் என் அண்ணன் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் தொண்டையைச் செருமுவார். பிறகு கேட்டவரின் தோளுக்கு மேலே எதையோ பார்ப்பார். அதற்கப்புறம்தான் "பெம்பான்" என்பார். கடையில், பேருந்தில், சாவு வீட்டில், எங்கே கேட்டாலும் இதே கதைதான். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன்.

அண்ணன் பெயர் தினேஸ்வரன். மலேசியாவின் மலாக்காவில், பெம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அங்கமுத்து அங்கே பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். அத்தை ஒருத்தி தாதியாக அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அண்ணனுக்குப் பதினான்கு வயதானபோது அவரைத் தத்து எடுத்து அழைத்துக்கொண்டு போனாள். அங்கே நிரந்தரமாகத் தங்கும் அட்டை கிடைத்தது. பள்ளி முடித்ததும் அங்குள்ள ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். குடிமகனாக இல்லாவிட்டாலும் அந்த அட்டை இருந்தால் சேர்த்துக்கொள்வார்களாம்.

போர் வந்தது. ஈராக்குக்குப் போனார், திரும்பினார், மறுபடியும் போனார். முதல் தடவை போய் வந்த பிறகு ஒரு நாள் வீட்டுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"அப்பா, இங்க பட்டாளத்துல இருக்கறவங்களுக்குச் சீக்கிரமா சிட்டிசன் குடுக்கறாங்க. ஆபீசர் மனுப் பாரம் கொண்டாந்து கையில குடுத்துட்டாரு. கையெழுத்து போட்டாப் போதும்."

"அப்ப நம்ம ஐசி?"

"ரெண்டும் வச்சிக்க முடியாதுப்பா. மலேசியால விட மாட்டாங்க."

"அப்ப வேணாம்."

"அப்பா, நான் இருக்கறது இங்கதான..."

"டேய். நீல ஐசிய மட்டும் விட்றாத. சொல்லிட்டேன். அப்பன் பட்டது போதும்."

அப்பா பட்டது என்ன என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் பிறந்ததை யாரும் பதியவில்லை. தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குச் சூராட், அதாவது பிறப்புப் பத்திரம், எடுக்க வேண்டும் என்று அவரைப் பெற்றவர்களுக்குத் தெரியாது. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், நாற்பது வயது தாண்டும் வரைக்கும் சிவப்பு ஐசிதான் வைத்திருந்தார், குடிமகன் அல்லாதவருக்குத் தரும் அடையாள அட்டை; குடிமகனுக்குத்தான் நீலம். ஓட்டு கிடையாது. நிலத்துக்கு மனுப் போட முடியாது. பையன்கள் எல்லாம் அவரை 'சிவப்பு அங்கமுத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். நீல ஐசி கிடைத்த அன்று தோட்டத்துக் கோயிலில் பொங்கல் வைத்தார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறைக்குள் வைத்திருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய், கையில் இருக்கும் நீல ஐசியைக் கொடுத்துவிடட்டுமா என்று மகன் கேட்டால் வேறு என்ன சொல்வார்?

அண்ணன் பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அப்பா சொல்லை மீறும் பிள்ளை இல்லை. அதோடு அப்போது அது பெரிய விஷயமாகவும் தெரியவில்லை. ராணுவத்தில் இருப்பவனை எந்த நாடு வெளியே அனுப்பும்?

ராணுவத்தை விட்டு வந்தபோது அவருக்கு முதுகு போயிருந்தது. தூக்கமும் போயிருந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். கொடுப்பதை நிறுத்திய பிறகு வெளியே வாங்க ஆரம்பித்தார். பிறகு வாங்கியதில் பாதியை விற்க ஆரம்பித்தார். இதை அவரே சொன்னார், மறைக்கவில்லை. பிடிபட்டார். குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்று அங்கே அவருக்கு இருந்த வக்கீல் சொல்ல, ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டால் நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று அந்த வக்கீல் சொல்லவில்லை. சிறையிலிருந்து விட்ட அன்றே குடிநுழைவு அதிகாரிகள் வாசலில் வண்டியோடு நின்றிருக்கிறார்கள். அங்கே பிறந்த அவர் மகள் தேவிஸ்ரீக்கு அப்போது பத்து வயது. அவள் அம்மாவும் என் அண்ணனும் அதற்கு முன்பே பிரிந்துவிட்டார்கள்.

கோலாலம்பூரில், கேஎல் விமான நிலையத்தில் அவரைக் கூட்டிவர நானும் என் வீட்டுக்காரரும் போனோம். கையில் ஒரு துணிப்பை. காலில் கயிறு இல்லாத சப்பாத்து. வரும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "ரப்பர் எல்லாம் எங்க?" என்று கேட்டார். அது ஒன்றுதான் கேட்டார்.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். மகனைக் கட்டிப்பிடிக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐசி வச்சிருக்கியா?" என்றார்.

"வச்சிருக்கேம்பா."

"அது போதும். உள்ள வா, சாப்புடு."

பழைய ஐசியைப் புது மைகார்டாக மாற்ற அப்பாவே கூடப் போனார். வரிசையில் முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் "என் மவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகன் நீல ஐசியை விடாமல் வைத்திருந்தான், அதனால்தான் வந்து சேர ஒரு வீடு இருந்தது என்பது அப்பாவின் கணக்கு.

ஆனால் அப்பா முட்டாள் இல்லை. இரண்டு வருடம் கழித்து, நோயில் படுத்திருந்தபோது, ஒரு மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டார். நான் அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா. அன்னைக்கு நீ அந்தப் பாரத்துல கையெழுத்து போட்டிருந்தா ஒன்ன அனுப்பியிருக்க மாட்டாங்கதான?"

"அதெல்லாம் இல்லப்பா. அப்பவும் அனுப்பியிருப்பாங்க."

ஊர்ப்பெயர் சொல்லவே அவ்வளவு நேரம் எடுக்கிற மனிதர் இதற்குச் சட்டென்று பதில் சொன்னார். இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா தலையை ஆட்டினார், கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது. அந்த வருடமே போய்விட்டார்.

அண்ணன் இப்போது ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, காவலாளி. வாசலில் லாரி நம்பர் எழுதுகிற வேலை. வேலை முடிந்ததும் நைனா முகம்மது நானாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போவார். நானாவுக்கு இவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. ஒரு நாள் சோறு வாங்க நானும் போயிருந்தேன்.

"வாங்க மெரிக்கா! தே தாரிக்கா, கோப்பியா?"

"தே. சீனி கொறச்சு."

"பட்டாளத்துல சீனி குடுக்க மாட்டாங்களோ? சரி, ஒங்க கேசு என்னாச்சு? இந்த மாதிரி ஆளுங்கள அனுப்பக் கூடாதுன்னு அங்க ஏதோ சட்டம் வருதுன்னீங்களே?"

"வருது நானா. ஒவ்வொரு தடவையும் பாதி வழியில நின்னுடுது."

"பிரேக் டவுன் லாரி மாதிரில்லா இருக்கு!"

"ஆனா ஒண்ணு. நான் செத்தா அங்க கொண்டு போய்ப் பொதைக்கலாம். பெட்டி மேல கொடி போர்த்துவாங்க. அதுக்கு எனக்கு உரிமை இருக்கு."

நானா கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். "அப்ப உசுரோட போனாத்தான் விசா பிரச்சனையா?"

அண்ணன் சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

போன வருடம் அமெரிக்காவிலிருந்து ஒரு வக்கீலம்மா வீடியோவில் பேசினார். இப்படி வெளியேற்றப்பட்ட ராணுவத்தினருக்குப் பணம் வாங்காமல் வாதாடுகிறவர். அண்ணனுடைய பழைய வழக்கை அதற்கு முன்பே மறுபடி திறக்க வைத்திருந்தார். விளைவு என்னவென்று சொல்லாமல் ஒத்துக்கொள்ள வைத்தது தவறு என்று அங்குள்ள நீதிமன்றம் சொல்லி, குற்றத்தைச் சிறியதாக மாற்றியிருந்தது. அந்தச் செய்தியைச் சொல்லத்தான் அன்று பேசினார். அவர் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல செய்திதான், ஆனால் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

பேசி முடித்ததும் கேட்டேன். "என்னாண்ணே சொல்றாங்க?"

"போருல இருந்தவன்னு சொல்லி, இங்க இருந்தே சிட்டிசனுக்கு மனுப் போடலாமாம். கேஎல்ல தூதரகத்துல இண்டர்வியூ. கெடச்சா அங்கயே உறுதிமொழி எடுத்துட்டு நேரா தேவிகிட்டப் போயிரலாம்."

"கெடைக்கலன்னா?"

"இப்படியே இருக்க வேண்டியதுதான்."

"கெடச்சா?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மைகார்டை எடுத்து மேசை மேல் வைத்தார். கிடைத்தால் இது போய்விடும். அதற்கப்புறம் முதுகு மறுபடி படுத்து, மாத்திரை மறுபடி வந்து, அங்கே எதுவும் சரிப்படாமல் போனால் திரும்பி வர இந்த வீடு இருக்காது. வந்தாலும் விருந்தாளியாகத்தான் வர வேண்டும்.

"அப்பா இருந்தா விட மாட்டாரு," என்றேன்.

"அப்பா பயந்தது சரிதான் பவானி. கையில இருக்கற ஊர விட்டுட்டா நாயி மாதிரி அலையணும், அது அவருக்குத் தெரியும். எனக்கு எது கையில இருந்துச்சுன்னுதான் அவருக்குத் தெரியல." மைகார்டைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "எனக்கும்தான் தெரியல," என்றார்.

அந்த வாரம் முழுக்க ஒன்றும் முடிவு செய்யாமல் வேலைக்குப் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவிஸ்ரீ பேசினாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. தமிழ் வராது, "அத்தை" மட்டும் சொல்லுவாள். காலேஜில் சேரப் போவதாகவும், அறைக்குச் சாமான் தூக்க ஆள் இல்லை என்றும் சொன்னாளாம். வேறொன்றும் கேட்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வருடக்கணக்காக வா என்று சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. போனை வைத்ததும் அண்ணன் வக்கீலம்மாவிடம் மனுப் போடச் சொல்லிவிட்டார்.

இண்டர்வியூவுக்கு மலாக்கா சென்ட்ரலிலிருந்து பஸ் ஏறிப் போனோம். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்தவர், "மரியாதையாத்தான் பேசுனாங்க. சொல்லி அனுப்புறோம்னாங்க," என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அதற்கு முன்னால் அவர் எனக்கு வயதானவராகத் தெரிந்ததில்லை.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஆட்சி மாறியது. மனு என்ன ஆயிற்று என்று கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான் வருகிறது என்கிறார் வக்கீலம்மா. காத்திருக்கச் சொல்கிறார். அவர் குரலிலும் இப்போது களைப்பு தெரிகிறது. தேவிஸ்ரீ காலேஜில் சேர்ந்துவிட்டாள். சாமான்களைப் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிக் கொடுத்தாராம்.

இன்றைய தேதிக்கு என் அண்ணன் மலேசியக் குடிமகன். பெம்பானில் எங்கள் வீட்டின் பின் அறையில் இருக்கிறார். மனு நிலுவையில் இருக்கிறது.