மெதுவாக மூச்சை விடுங்கள்

வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. அடித்தால் நான் தாங்குவேன், உள்ளே இருப்பது தாங்குமா என்ற பயம்தான் என்னை அந்த பிரவுசிங் சென்டருக்குத் துரத்தியது. கல்மண்டபம் ஏரியாவில் எங்கள் தெருமுனையிலேயே இருந்தது. கர்ப்பிணிகளின் மன உளைச்சலுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழ் டாக்டரம்மா இன்டர்நெட்டில் ஆலோசனை சொல்கிறார் என்று தங்கைதான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நான் துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பது பெரிய வித்தை இல்லை. மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார். அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றும் எழுதுவார். அவன் அனுப்பினால்தானே?

அவன் என் புருஷன், கன்டெய்னர் லாரி டிரைவர். பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து நான் எவனோடோ சாட்டிங் செய்வதாக யாரோ ஓதிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். முடியைப் பிடித்து என் தலையை மேசையில் மோதினான். உதடு கிழிந்தது. திரையில் அந்தம்மா எழுதிக்கொண்டிருந்தார்: ‘மெதுவாக மூச்சை விடுங்கள்.’ அதைப் படிக்கக்கூட அவன் நிற்கவில்லை. தரதரவென்று தெருவுக்கு இழுத்தான்.

தண்ணி லாரியைச் சுற்றிப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். கல்யாணமானதிலிருந்து என் அலறலைக் கேட்டவர்கள்தான். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் காலை ஓங்கினான். வயிற்றை மறைக்கக் கைகளைக் குறுக்கே வைத்தேன். போன வாரம் வளைகாப்பில் அவர்களே போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் நொறுங்கித் தெறித்தன. பிரசவம் வரை கழற்றவே கூடாதவை.

அவ்வளவுதான். முதல் அடி குடத்தால் அவன் மண்டையில் விழுந்தது. பிறகு செருப்பு, துடைப்பம், கையில் கிடைத்ததெல்லாம். எதிர்வீட்டு மீன்கார அக்கா அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து அறைந்தாள். பல் ஒன்று ரத்தத்தோடு விழுந்தது. பொய் சொல்வானேன், இன்னும் நாலு போடட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அன்றே அக்கா என்னை ஆட்டோவில் ஏற்றித் திருவொற்றியூரில் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் என் கையிலிருந்து கண்ணாடிச் சில்லைப் பிடுங்கிக்கொண்டே வந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது. அப்போதுதான் அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும். “இத்தினி நாளா நான் கத்துனது உன் காதுல வுழலியாக்கா?” என்று கேட்டேன்.

“வுழுந்துச்சு,” என்றாள். “அது அவன் பொண்டாட்டிய அவன் அடிச்சது. இது நாங்க போட்ட வளையலாச்சே.”