சாமியாரின் மூன்று மில்லி

அந்த ஹோட்டல் பாரில் அவருக்குச் சாமியார் என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பவர், தான் மட்டும் தொடமாட்டார். முன்பு அப்படி இல்லை. இரண்டாவது மகள் பிறந்த அன்று பாட்டில்கள் அடுக்கும் அறையில் குடித்துத் தன்னை மறந்து கிடந்தார். மனைவி பிரசவ வார்டில் தனியாக இருந்தாள். மறுநாள் போய் நின்று, "இனிமே ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன்" என்றார். அதற்குப் பதினோரு வருஷம் ஆகிறது. வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் என்று அவர் சொல்லிக்கொள்வது இதைத்தான். கொஞ்சம் அதிகமாகவே சொல்வார் என்று கூட வேலை செய்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

நாலு வருஷமாக அவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரை கூடக்கூடச் சர்க்கரையும் போட்டி போட்டு ஏறியது. "மறைச்சு ஏதோ சாப்பிடறீங்க" என்றார் டாக்டர். மனைவி பிள்ளைகளின் பிஸ்கட்டைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "வெளியில இனிப்பு ஏதாவது சாப்டீங்களா? உண்மையச் சொல்லுங்க" என்று தினமும் கேட்பாள். சத்தியமாக இல்லை என்பார். அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரியும். செய்யாத தப்புக்குப் பழி சுமப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. போன மாதத்திலிருந்து வீட்டில் பேச்சு, சாப்பாடு தயார், சரி என்ற அளவுக்கு வற்றிவிட்டது.

இந்த நேரத்தில்தான் மெனு அட்டையில் பானங்களின் பெயருக்குக் கீழே சத்து விவரமும் அச்சடிக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. குடிக்க வருகிறவன் எந்தக் காலத்தில் சத்துக் கணக்குப் பார்த்தான் என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் இல்லை. ஒரு காலையில், பார் திறப்பதற்கு முன், உணவியல் படித்த பெண் ஒருத்தி அளவுக் குழாயும் நோட்டுமாக வந்து சேர்ந்தாள்.

"அதிகமா விக்கிறது எதுண்ணே?"

"பிளாக் ரஷ்யன். வோட்கா ஐம்பது, காபி லிக்கர் இருபது, ஐஸ். அவ்வளவுதான்."

"ஐஸ் போடாம ஒண்ணு கலந்து குடுங்க. அளக்கணும்."

கலந்து நீட்டினார். அவள் எழுதிக்கொண்டே சொன்னாள். ஏறக்குறைய நூற்றெழுபது கலோரி. முக்கால்வாசி ஆல்கஹாலிலிருந்து வருவது, மீதி காபி லிக்கரில் இருக்கும் சர்க்கரை, அது எட்டு கிராம். புரதம் கிடையாது, கொழுப்பு கிடையாது.

"கொழுப்பெல்லாம் குடிக்க வர்றவங்ககிட்டதாம்மா" என்றார். அவள் சிரிக்கவில்லை. அளவுக் குழாயை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"எழுபது மில்லி இருக்கணும். அறுபத்தேழுதான் இருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷக் கையல்லவா? இன்னொன்று கலந்தார். அதுவும் அறுபத்தேழு. மூன்றாவது முறை அவள் கிளாஸைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். கலக்கி முடித்ததும் அவர் கை ஒரு ஸ்ட்ராவை எடுத்து கிளாஸில் விட்டது. மேல்நுனியை விரலால் அடைத்துத் தூக்கி வாயில் விட்டுக்கொண்டது. மறுபடி ஒரு தரம். பிறகு ஸ்ட்ரா குப்பைக்கூடைக்குப் போனது.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"வாயில விட்டுக்கிட்டீங்களே."

"ருசி பார்த்தேம்மா. எல்லா பார்லயும் பாக்கறதுதானே. பாக்காம எப்படிக் குடுக்கறது?"

"துப்பலையே நீங்க."

இதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் போகும்ணே?"

"எல்லாம் சேர்த்து அறுபது."

அவள் நோட்டின் ஓரத்தில் பெருக்கினாள். எல்லாம் இதே பானம் என்று வைத்துக்கொண்டால் நூற்றெண்பது மில்லி. தினமும் இரண்டரை கிளாஸ். சர்க்கரை மட்டும் நாலு ஸ்பூன். அவருடைய நோய் பற்றி அவளுக்குத் தெரியாது. கணக்கை முடித்துவிட்டு அடுத்த பானத்தைக் கேட்டாள்.

மற்ற பானங்களையும் கலந்து கொடுத்தார். ஸ்ட்ரா பக்கம் கை போகும்போதெல்லாம் இழுத்துக்கொண்டார். இதை வீட்டில் சொன்னால் திருட்டு இனிப்பு தின்றவன் என்ற பழி போகும். ஆனால் பதினோரு வருஷமாகக் காப்பாற்றிய சொல்லும் கூடவே போய்விடும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவமானமாக இருந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை என்பது ஆறுதலாக இருந்திருக்கலாம், இல்லை.

பார் திறக்க இன்னும் நேரம் இருந்தது. வீட்டுக்குப் போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார், ஸ்ட்ரா, மூன்று மில்லி, இரண்டரை கிளாஸ் என்று. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதா? வாசம் வருமே" என்றாள்.

"பார்ல நிக்கிறவன் சட்டையில வராதா?"

"சட்டைய நான்தானே துவைக்கிறேன். வாயில வரும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "அப்ப ஏன் ஒரு நாளும் அதைக் கேக்கல? நாலு வருஷமா இனிப்பு இனிப்புன்னுதானே கேட்ட?"

"இனிப்புன்னா, நீங்க ஆமான்னு சொன்னாக்கூடத் தாங்கிக்கலாம்" என்றாள்.