சின்னக் கிட்டாருக்கு நான் செய்த துரோகம்

இது நடந்தது 1979-இல், பொங்கல் முடிந்த மறுவாரம், காரைக்காலில். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கோவில்பத்தில் வாடகை வீடு, டவுனில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வார நாட்களில் ஃபைல் கட்டுவேன். முகூர்த்த நாள் வந்துவிட்டால் எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பேன். நான் கட்டிய ஃபைலை ஒருத்தரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் "கிட்டார் சார்" என்றால் திருநள்ளாறு வரைக்கும் தெரியும். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

என் கிட்டார் கல்கத்தாவில் செய்தது. நல்ல அகலம், இடுப்பே இல்லாத பெரிய உடம்பு. நானோ ஐந்தடிக்கு ஒரு விரல் கூடுதல். மேடையில் நான் உட்கார்ந்தால் கிட்டாருக்குப் பின்னால் ஒரு தலையும் இரண்டு கையும் மட்டும்தான் தெரியும் என்று எங்கள் தபேலாக்காரர் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். பெரிய கிட்டார்தான் பந்தல் முழுக்கக் கேட்கும் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை.

தீபாவளிக்கு முந்தின அடைமழையில் அரசலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிளோடு வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் வலது தோள் மெல்ல மெல்ல இறுகிப் போனது. சட்டை போடவே மனைவி கையைப் பிடித்து நுழைக்க வேண்டும். பெரிய கிட்டாரின் விலாவுக்கு மேலே கையைத் தூக்கிப் போட்டால்தானே கம்பியைத் தொட முடியும்? பத்து நிமிஷம் வாசித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். டாக்டர், "தானா விட்டாலும் விடும், விடாமலும் போகும். கிட்டார மறந்துடுங்க" என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். குழுவில் நாகப்பட்டினத்திலிருந்து ஒருத்தரைப் பிடித்துவிட்டார்கள். ஒரு கல்யாணத்தில் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதை நான் பந்தியில் உட்கார்ந்து கேட்டேன். சோறு இறங்கவில்லை. என் வேலை போகவில்லை, உயிர் போகவில்லை. ஆனாலும் இனிமேல் நான் வெறும் குமாஸ்தாதான்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலக நண்பர் ஒரு தகவல் சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டில் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகிறார்களாம், சாமான்களை விற்கிறார்களாம். அதில் ஒரு சின்னக் கிட்டார் இருக்கிறதாம். "மடியில குழந்தைய வச்சிக்கிற மாதிரி வச்சிக்கலாம் சார், கையத் தூக்கவே வேணாம்" என்றார். எனக்கு அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வாங்கினாலும் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், கூட வரவேண்டும். அவர் மாட்டுச் சந்தையிலேயே வளர்ந்தவர். பிடித்த மாடாக இருந்தால் அதன் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். சுழி சரியில்லை, கொம்பு கோணல், பல் தேய்ந்துவிட்டது என்று பத்துக் குறை சொல்லி, நான்கு தடவை போவதுபோல் போய்த் திரும்பி, கடைசியில் அதே மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவார். சந்தையில் அதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. விற்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். தையல் மெஷினானாலும் சைக்கிளானாலும் அவருக்கு எல்லாமே மாடுதான்.

"மாப்ள, ஒங்க பெரிய கிட்டாரையும் எடுத்துக்குங்க" என்றார். "ரெண்டையும் பக்கத்துல வச்சு வாசிங்க. பெருசு முழங்கணும், சிறுசு முனகணும். வெல தானா எறங்கும். மொகத்துல ஆசையக் காட்டிப்புடாதீங்க, அவ்வளவுதான்."

எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பெரிய வீடு. கூடத்தில் கட்டில், பீரோ, நாற்காலிகள் எல்லாம் விலைக்கு வரிசையாக நின்றன. சொல்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எழுபது வயதிருக்கும். உறையைப் பிரித்து அந்தக் கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்தார். இடுப்பு ஒடுங்கி, கைக்கு அடக்கமாக, தேன் நிறத்தில் இருந்தது. என் வலது கை தூக்கவே வேண்டியிருக்கவில்லை. அதுவாகப் போய்க் கம்பிமேல் உட்கார்ந்தது. கட்டைவிரலால் ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன். கோயில் மணியை விரலால் சுண்டியது போலச் சுத்தமாக ஒரு சத்தம். அடடா என்று வாய் திறந்திருப்பேன், மச்சான் "ம்க்கும்" என்று கனைத்தார்.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பெரிய கிட்டாரை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கிப் போட்டு, கூடம் அதிர வாசித்தேன். பிறகு சின்னதை எடுத்தேன். அதே பாட்டு, ஆனால் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள்மேல் லேசாக அமுக்கி வைத்துக்கொண்டேன். அப்படி வைத்தால் எப்பேர்ப்பட்ட கிட்டாரும் டொக்கு டொக்கென்றுதான் கேட்கும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அது தெரியாது.

மச்சான் களத்தில் இறங்கினார். கிட்டாரின் முதுகைத் தட்டினார். ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்க்காததுதான் பாக்கி. "பலக அப்பளம் மாரி இருக்குங்களே. சத்தமும் இல்ல. ஆளும் சின்னது. இது பிள்ளைங்க வெளயாடுற சாமானு, இத யாருங்க வாங்குவா?"

சொல்தாவின் முகம் சுருங்கிவிட்டது. "என் மவளுக்குப் பன்னெண்டு வயசுல வாங்கியாந்தது. யாரும் கொற சொன்னதில்ல தம்பி" என்றார்.

அப்போது உள்ளறைத் திரை விலகியது. அந்த மகள் வெளியே வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். என்னைவிடவும் சின்ன உருவம். மச்சானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் நேராக, "அந்தக் கையை எடுத்துட்டு ஒரு தடவ வாசிங்க சார்" என்றார்.

"எந்தக் கையைங்க?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"கம்பிய அமுக்கிக்கிட்டு இருக்கீங்கள்ல, அந்தக் கையை."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அவர் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் மோசம். "வெல கொறைக்கணும்னா கேட்டிருக்கலாமே, அப்பா கொறைச்சிருப்பாங்க. அதுக்காக வாயில்லாததை ஊமையாக்கிக் காட்டணுமா? இத விக்கலங்க. போயிட்டு வாங்க" என்று சொல்லி, என் மடியிலிருந்து கிட்டாரை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தெருவுக்கு வந்ததும் மச்சான் ஆரம்பித்தார். "விடுங்க மாப்ள, ஏவாரத்துல இதெல்லாம் சகஜம். ரெண்டு நாள்ல அவங்களே ஆளு அனுப்புவாங்க பாருங்க." "கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வாங்க மச்சான்" என்றேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மனுஷன் கோவில்பத்து வரைக்கும் எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.

நடந்ததை மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். "எங்கண்ணன் மாடு புடிக்கிற ஆளு, அதுக்கு அதுதான் தெரியும். நீங்க வாசிக்கிறவங்க. ஒங்களுக்குமா தெரியல?" என்றாள். நறுக்கென்று தைத்தது. கிட்டார் கிடைக்காமல் போனதைவிட, நல்ல வாத்தியம் ஒன்றை என் கையாலேயே கெட்டதாகக் காட்டிவிட்டு வந்தேனே, அதுதான் என்னை அரித்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். பெரிய கிட்டாரைச் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டே போனேன். அந்தப் பெண்தான் கதவைத் திறந்தார். என்னையும் கிட்டாரையும் பார்த்ததும், "இன்னிக்கு என்னங்க?" என்றார்.

வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "நேத்து பொய்யா வாசிச்சுக் காட்டுனேன். இன்னிக்கு நெசமாக் காட்டுறேன். கேட்டுட்டு விக்கமாட்டேன்னு சொன்னாலும் சரிங்க" என்றேன். அவர் வழிவிட்டார்.

முதலில் பெரியதை வாசித்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். மொத்தமாக எல்லாக் கம்பிகளையும் வீசி அடிக்கும்போது இதற்கு ஈடில்லை, டிரம்ஸோடு மோதினாலும் தோற்காது. ஆனால் கம்பி கம்பியாகப் பிரித்து வாசித்தால் தடித்த கம்பிகளின் சத்தம் பொங்கி மெல்லிய கம்பிகளை விழுங்கிவிடும். மைக் முன்னால் வைத்தால் ஊம் என்று உறுமும். அப்போது சொல்தா, "இந்த ரகத்துக்கு டிரெட்நாட்னு பேரு. அது ஒரு போர்க்கப்பலோட பேரு தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தார். போர்க்கப்பலைத்தான் இத்தனை வருஷம் மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாவது பாட்டின் நடுவில் தோள் பிடித்துக்கொண்டது, கை அப்படியே நின்றுவிட்டது. என்ன ஆச்சு என்று சொல்தா கேட்டார். விழுந்தது, டாக்டர் சொன்னது, என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அந்தப் பெண் உள்ளே போய்ச் சின்னக் கிட்டாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

கையை எடுத்துவிட்டு வாசித்தேன். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பேசியது. ஒன்றை ஒன்று மிதிக்கவில்லை. பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடலாம். ஓங்கி அடித்துப் பார்த்தேன், அதற்கு மட்டும் அது மூச்சு முட்டியது. அதையும் சொன்னேன். குறையை மறைத்தாலும் பொய்தானே. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, ஐந்து பாட்டு. வலிக்கவில்லை. மூன்று மாதத்துக்கப்புறம் வலிக்காமல் வாசிக்கிறேன் என்பது உறைத்ததும் அழுகை வந்துவிட்டது. முப்பத்தாறு வயசு ஆம்பிளை, முன்பின் தெரியாதவர் வீட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் என் பெரிய கிட்டாரை எடுத்துத் தன் மடியில் வைத்து, கட்டைவிரலால் தடித்த கம்பிகளை மட்டும் மெல்லத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னதில் சேர்ந்துகொண்டேன். பெரியது தாங்க, சின்னது மேலே நடந்தது. நேற்று ஒன்றை வைத்து இன்னொன்றை மட்டம் தட்டினேனே, இரண்டுக்கும் சண்டையே இல்லை.

இவ்வளவு பிரியமானதைக் கூடவே கொண்டுபோகலாமே என்று கேட்டேன். அங்கே குளிருக்கு அறையைச் சூடாக்குவார்களாம், அந்த வறட்சியில் மெல்லிய பலகை வெடித்துவிடுமாம். "பதினாறு வருஷமா நம்ம கடக்காத்துல பழகிடுச்சு. இங்கேயே இருக்கட்டும், யாராவது வாசிக்கட்டும்னுதான் குடுக்க நெனச்சோம்" என்றார்.

அவர்கள் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். வாசல்வரை வந்து, மழைக்காலத்தில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், கம்பியைத் தளர்த்தி வையுங்கள் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "நேத்து நான் திரைக்குப் பின்னாடிதான் நின்னேன் சார். சின்னது, மெல்லிசு, சத்தமில்லன்னு ஒங்க மச்சான் அடுக்கிட்டே போனாரு. என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்களும் அப்படித்தான் அடுக்குவாங்க. பின்னாடி நிக்கிறவளுக்குக் கேக்காதுன்னு நெனப்பு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. அடுத்த வாரம் அவர்கள் போய்விட்டார்கள். அப்புறம் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

சித்திரை முகூர்த்தத்தில் என் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். "என்ன சார், கிட்டார் குட்டி போட்டிருக்கா?" என்றார் தபேலாக்காரர். அன்றைக்குப் பாடியவர் கச்சேரி முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குத்தான் என் கொரல் எனக்கே கேட்டுச்சு" என்றார். தோள் குணமாக இரண்டு வருஷம் ஆனது. சரியான பிறகும் நான் பெரியதுக்குத் திரும்பவில்லை.

ஐந்து வருஷம் கழித்து என் தம்பிக்குப் பெண் பார்க்கப் பூவத்துக்குப் போனோம். மச்சான்தான் தலைமை. "மொகத்துல எதையும் காட்டாத, எழுந்திரிக்கும்போது ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புறோம்னு மட்டும் சொல்லணும்" என்று பஸ்ஸிலேயே தம்பிக்குப் பாடம் எடுத்துவிட்டார். பெண் வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மச்சான் கேசரியை ஒரு கை பார்த்துக்கொண்டே, "நெறம் கொஞ்சம் மட்டு, ஒயரமும் கம்மிதான்" என்று தொடங்கினார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. "எங்களுக்குப் பொண்ணை ரொம்பப் புடிச்சிருக்குங்க. ஊருக்குப் போயிச் சொல்ல ஒண்ணுமில்ல" என்றேன். மச்சான் கனைத்தார், காலை மிதித்தார். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் வளையல்கள் மறுபடி குலுங்கின.

யாரையாவது எனக்குப் பிடித்திருந்தும் அதைச் சொன்னால் என் மதிப்பு குறைந்துவிடுமோ என்று வாய் தயங்குகிற போதெல்லாம், "அந்தக் கையை எடுத்துட்டு வாசிங்க சார்" என்ற அந்தக் குரல் இன்றைக்கும் கேட்கிறது, எடுத்துவிடுகிறேன்.