யாரை முதலில் மறப்பார்

என் கணவரைப் போல ஒரு தங்கமான மனிதர் நீடாமங்கலம் வட்டாரத்திலேயே கிடையாது என்பார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கும்போது மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேருக்கும் டீ சொல்லுவார். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண் நின்றால் எழுந்து இடம் கொடுப்பார். "வாங்க, உக்காருங்க, சாப்டீங்களா" என்பது அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். அதெல்லாம் வாசலுக்கு வெளியே. உள்ளே வந்தால் நான் வெறும் "ஏய்". குழம்பில் உப்பு கூடினால் தட்டு சுவரில் போய் விழும். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், அதைத்தான் நான் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மகனை வளர்த்து, படிக்க வைத்து, சிங்கப்பூருக்கு விமானம் ஏற்றிவிட்ட பிறகு எனக்கு ஆசை என்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த ஆள் வாயால் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும். பேரன் பேத்தி எடுத்தவளுக்கு இது ஒரு ஆசையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

குறுவை அறுவடை சமயத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. தஞ்சாவூரில் பார்த்துவிட்டு பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். மகன் லீவு போட்டு ஓடி வந்தான். இடையிடையே தலை சுற்றல் இருந்ததால், ஆபரேஷனுக்கு முன்னால் தலையையும் ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு டாக்டர், என் மகனைவிட வயதில் சின்னப் பெண், கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை எங்களுக்குக் காட்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். விதை முளைக்காமல் போன நாற்றங்கால் போல இருந்தது.

"இந்த மாதிரி படம் இருக்கறவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் குழப்பம் வர வாய்ப்பு அதிகம்மா. ஆளே மாறின மாதிரி பேசுவாங்க. உங்களைத் திட்டக்கூடத் திட்டலாம். மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். பின்னாளில் ஞாபக மறதி வரவும் இடமிருக்கிறது என்று மெதுவாகச் சேர்த்தாள். மகன் முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. திட்டுவாராம். இத்தனை வருஷமாக என்ன ஆபரேஷன் செய்துகொண்டு திட்டினாராம்?

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, இப்போதாவது சொல்வார் என்று வண்டியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தேன். கதவருகே என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாலு பேர் வர்ற இடம். வேற பொடவையே கெடைக்கலையா ஒனக்கு?" என்றார். பிறகு வண்டி தள்ளியவரைப் பார்த்து, "மெதுவா போங்க தம்பி, ஒங்களுக்குத்தான் செரமம்" என்றார். கதவு மூடிக்கொண்டது.

டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. மயக்கம் தெளிந்ததும் டியூபைப் பிடுங்கப் பார்த்தார். துணியால் கையைக் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். சுவரில் தண்ணீர் ஏறுகிறது, மடையை அடைங்கடா என்று கத்தினாராம். மாலையில் ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவார்கள். முதலில் மகன் போனான். வேலை தேடி வந்த ஆள் என்று நினைத்து, "நடவு முடிஞ்சிருச்சு தம்பி, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"ஒண்ணும் பயமில்ல. நீங்க யாரு, இது எந்த எடம்னு திரும்பத் திரும்பச் சொல்லுங்க. அதுலதான் தெளிவாங்க" என்று நர்ஸ் என்னிடம் சொல்லி அனுப்பினாள்.

நான் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது.

"வாங்க வாங்க. உக்காருங்க. எந்த ஊரு நீங்க?"

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். "நீடாமங்கலம் பக்கம்" என்றேன்.

"அட, நம்ம பக்கம்தான். சாப்டீங்களா?"

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். நர்ஸ் கொடுத்த பிஸ்கட் பாதி அவர் பக்கத்தில் கிடந்தது. கட்டின கையின் விரலாலேயே அதை என் பக்கம் தள்ளி, எடுத்துக்குங்க என்றார். எடுத்துத் தின்றேன். நான் யார் என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மறுநாளும் அதே வாங்க, அதே உக்காருங்க. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஒங்க வீட்டம்மா வரலீங்களா?" என்று கேட்டேன்.

கூரையைப் பார்த்தார். "அவ போய்ச் சேந்துட்டாளுங்க" என்றார். "நல்ல மனுஷி. எனக்கு ஒரு வேளைச் சோறு நேரம் தவறுனதில்ல. அவ வக்கிற கெளுத்திமீன் கொழம்பு இருக்கே, அதுக்கப்பறம் எங்கயும் வாயில வக்கல நான்." கண்ணோரம் ஈரம் இறங்கியது.

"இதையெல்லாம் அவங்ககிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

சிரித்தார். "நல்லா கேட்டீங்க போங்க. பொண்டாட்டிகிட்டப் போயி யாராவது இதெல்லாம் சொல்லுவாங்களா?"

அவருக்குக் கண்ணைத் துடைத்துவிட்டேன். உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்றார். உயிரோடு இருக்கும்போதே செத்துப்போய், நல்ல பெயர் எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். வராந்தாவில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் டீ குடித்ததில்லை.

மகன் சும்மா இருப்பானா? அவன் முறை வரும்போதெல்லாம் அப்பாவுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, நான் உங்க மகன், இது தஞ்சாவூர் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன், அவர் தெளியக் கூடாது என்று. ஒரு காலையில் நான் உள்ளே நுழைந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடி முழிக்கிற? மூஞ்சக் கழுவிட்டு வரத் தெரியாதா?"

நர்ஸ் கையைத் தட்டினாள். "அய்யா தெளிஞ்சிட்டாங்க! அம்மாவை அடையாளம் தெரிஞ்சிருச்சு!" மகன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். நான் அழுததை ஆனந்தக் கண்ணீர் என்று போனில் ஊரெல்லாம் சொன்னான்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் ஒரு நாள் கெளுத்திமீன் குழம்பு வைத்து, ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்தாமல், "புத்தி பெசகிக் கெடந்தப்ப ஒளறுனதெல்லாம் ஒரு பேச்சா? மோரைக் கொண்டா" என்றார். சுவரில் தண்ணீர் ஏறியதோடு சேர்த்து என் நல்ல பெயரும் போய்விட்டது.

அடுத்த வருஷம் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து, நிறுத்த மறக்க ஆரம்பித்தார். ஒரு தடவை வலங்கைமான் கடைத்தெருவில் நின்றுகொண்டு வீட்டுக்கு வழி கேட்டாராம். மறுபடியும் தஞ்சாவூர், மறுபடியும் ஸ்கேன். திட்டுகள் பெருகியிருந்தன. "நாங்க முன்னாடியே பயந்ததுதாம்மா. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா கொறையும்" என்றாள் அதே டாக்டர். சிங்கப்பூரிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்த மகன் விசும்பினான்.

எனக்குள் என்னமோ துளிர்த்தது. மறைப்பானேன், நம்பிக்கைதான் அது. போனை வைத்துவிட்டுக் கேட்டேன். "யாரை முதல்ல மறப்பாரு டாக்டர்?"

பாவம், அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து பாத்தவங்க, பேரப்பிள்ளைங்க, இப்படித்தான் பெரும்பாலும் போகும். கூடவே இருக்கற உங்களை அவ்வளவு லேசுல மறக்க மாட்டார்மா. கடைசியிலதான் மறப்பார். தைரியமா இருங்க."

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் அவர் யாரோ ஒரு அம்மாளுக்கு இடம் விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். "நீங்க உக்காருங்கம்மா. சாப்டீங்களா?" அந்த அம்மாள் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். அவர் திரும்பினார், என்னைப் பார்த்தார், உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"