இரவல் தோல்

மயிர் பொசுங்கும் வாடை. ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடைக்காரர் ஆட்டுத்தலையை வாட்டும்போது தெருவெல்லாம் பரவும். மற்றவர்களுக்குக் குழம்பு ஞாபகம் வரும். எனக்கு அக்கா.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு தீபாவளி சீசன். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு கம்பெனியில் மருந்து தீப்பிடித்து அக்காவின் முதுகு முழுக்க வெந்துபோனது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். மயிர்க்கால்களுக்குள் ஸ்டெம் செல் என்று சில உயிரணுக்கள் குடியிருக்கின்றனவாம். மயிர் உதிர்ந்தால் மயிர் முளைக்க வைப்பவை. மேல்தோல் போனால் ஏறி வந்து தோலையும் நெய்பவை. பனைக்குக் குருத்து மாதிரி. அக்கா முதுகில் அந்தக் குருத்தே கருகிவிட்டது. அவள் தொடைத்தோலைச் சீவி ஒட்டலாம், ஆனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுத்தால் உடம்பு தாங்காது; கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும். அதுவரை புண்ணை மூடிவைக்க இரவல் தோல் வேண்டும்.

"என்னோடத எடுங்க" என்றேன். எங்களுக்கு வேறு ஆள் கிடையாது.

ஒட்டி முடித்ததும் குப்புறக் கிடந்தபடியே கேட்டாள்: "ஏலே கரடிப்பயலே, ஒந் தொடை மயிரெல்லாம் இனி எம் முதுகுல மொளைக்குமா?"

"மொளைச்சா மொளைக்கட்டும்க்கா. நானே செரைச்சுவிடுறேன்."

சிரித்தால் வலிக்கும். சிரித்தாள். மேலாகத்தான் சீவியிருக்கிறது, வேர் உன்னிடமே இருக்கிறது என்றார் டாக்டர் என்னிடம்.

இருந்தது. என் தொடைக்குக் கட்டு மாற்றும்போது பார்த்தேன்: ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் இளஞ்சிவப்பாய் ஒரு பொட்டு. பொட்டும் பொட்டும் விரிந்து தொட்டுக்கொள்ளப் பார்த்தன. அங்கே அவள் முதுகிலோ என் தோல் ஓரங்களில் கறுத்துச் சுருண்டது. இரவல் நிலைக்காது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள்தான். ஆனாலும், ஒரே வயிற்றில் பிறந்தவன் என்று உடம்புக்கு யார் சொல்வது? அடுத்த தோல் எடுப்பதற்குள் அவளுக்குச் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறிவிட்டது.

இன்று என் தொடையில் வெளுத்த ஒரு சதுரம், அதில் பழையபடி மயிர். மேல்தோல் சில வாரங்களுக்கொரு தடவை புதுசாகிவிடுமாம். பழசு தூசியாய்ப் பாயில் உதிர்கிறது, நானே உதறி நானே படுக்கிற பாயில். அவளுக்குக் கொடுத்ததை நெய்த வேர் மட்டும், யாருக்கென்று கேட்காமல், நெய்துகொண்டே இருக்கிறது.

அந்தக் காய்ச்சல் நாட்களில் ஒருநாள் காலையில் வார்டுக்குப் போனபோது கட்டில் காலி. அதற்கு முந்தின சாயங்காலம், பார்வை நேரம் முடிந்து நர்ஸ் விரட்ட, நான் காலைத் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்:

"போய்ப் படுலே. ஒனக்காவது ஆறட்டும்."