கோட்டுப் போட்ட ஆஸ்கர்

உள்ளே ஒருவரும் இல்லை என்று வீட்டுக்காரரே பக்கத்தில் நின்று சொன்னாலும், ஆஸ்கர் ட்வைட்டன் முதலில் கதவைத் தட்டுவார். மூன்று தட்டு. பிறகு, "பூட்டுக்காரன் வந்திருக்கேன், திறக்கப் போறேன்" என்று கதவுக்குத் தகவல் சொல்வார். அதற்கப்புறம்தான் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, சாவித்துவாரத்தில் காதை வைப்பார். வெறும் அலமாரியானாலும் இதே மரியாதைதான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ட்ராம் திரும்பும் முனையில் அவர் கடை. வயது ஐம்பத்தெட்டு. தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு. இருபது வருடங்களுக்கு முன் ஏணியிலிருந்து விழுந்ததில் முதுகு வளையாமல் போய்விட்டது; அதனால் காப்பி குடிக்கும்போதுகூட விறைப்பாகவே நிற்பார். முகத்தில் சந்தோஷமும் துக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். மனைவி குட்ரூனே, "கல்யாணத்தன்னைக்கு இவருக்குப் பிடிச்சிருந்ததா இல்லையான்னு இன்னும் எனக்குத் தெரியாது" என்பாள்.

சினிமாக்காரர்கள் சாவி தொலைப்பதில் கெட்டிக்காரர்கள் என்பதால் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் படம் பார்க்க மட்டும் போகமாட்டார். "ஒரு கொண்டை ஊசிய விட்டு ஆட்டுறான், இரும்புப் பெட்டி திறந்துக்குது. இதைக் காசு கொடுத்துப் பார்க்கணுமா?" என்பது அவர் கட்சி.

அவருடைய அக்கா மகள் வேரா, படங்களுக்கு விருது கொடுக்கும் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள். வேலைக்குச் சேர்ந்த வாரம் அவள் மேஜையில் ஒரு தங்க நிறப் பொம்மையைக் கொண்டுவந்து வைத்தார்களாம். வழுக்கைத் தலை, விறைத்த முதுகு, உணர்ச்சி இல்லாத முகம். பார்த்ததும், "ஐயோ, இது எங்க ஆஸ்கர் மாமா" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த அறையில் ஆஸ்கரைத் துடைத்தாயா, ஆஸ்கரை நகர்த்து என்றே பேச்சு. இரண்டொரு வருடத்தில் பெயர் பத்திரிகையில் ஏறியது. ஏறியதும் ஊரில் பாதிப்பேர் அதை வைத்தது தாங்கள்தான் என்று கிளம்பினார்கள். ஒருத்தி தன் புருஷன் பேர் என்றாள், ஒருவர் பழைய மேடை நகைச்சுவையிலிருந்து தான் எடுத்தது என்றார். யார் முதலில் சொன்னது என்று ஊர் இன்றுவரை முடிவு கட்டவில்லை.

வேராவின் மேலதிகாரி ஹாஸ்கெலும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டார். நிருபரிடம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட்டார். வேரா தயங்கித் தயங்கி, அது தன் மாமாவின் பெயர் என்றபோது, அறை முழுக்கக் கேட்கும்படி, "இப்போ எல்லாப் பொண்ணுங்களுக்கும் திடீர்னு ஒரு ஆஸ்கர் மாமா முளைச்சிருக்கார்" என்றார். அதற்குப்பின் அவளை எல்லோரும் 'மாமா பொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு வேளையில் கூட உட்கார ஆளில்லை.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகும்படி கெஞ்சினாள்.

ஆஸ்கர் மசியவில்லை. அவருக்கு அவர் கஷ்டம். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர் அவர். பத்திரிகையில் பொம்மையின் படம் வந்த வாரம், பாட்டுக்குழுவில் இருக்கும் ஹால்வர் அவரை மேலும் கீழும் பார்த்து, "இன்னைக்குக் குளிர் ஜாஸ்தியோ? கோட்டெல்லாம் போட்டிருக்கே" என்று கேட்டுவிட்டான். பின்வரிசைப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"அந்தப் பொம்மைக்குக் கையில ஒரு கத்தி, அவ்வளவுதான். மேலே ஒரு நூல் கிடையாது" என்றார் மருமகளிடம். "அது நான்தான்னு நானே வந்து சொல்லணுமா, குட்டி?"

வேரா காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். குட்ரூன் பாத்திரங்களைச் சற்று ஓங்கி வைத்ததாக ஞாபகம் வைத்திருக்கிறார் ஆஸ்கர்.

விருது விருந்து அன்று காலை கடைத் தொலைபேசி அடித்தது. பேசியவர் ஹாஸ்கெல். பொம்மைகளை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியவரும் அவரே, சாவியைத் தொலைத்தவரும் அவரே. டைரக்டரியில் 'ட்வைட்டன் பூட்டுக்கடை' என்றுதான் இருந்தது. வேராவின் குடும்பப்பெயர் வேறு. அதனால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஆஸ்கருக்குத் தெரியும். ஆனாலும் பூட்டு என்றால் போய்த்தானே ஆகவேண்டும்? தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

அலமாரியை மூன்று தட்டுத் தட்டினார். தகவல் சொன்னார். ஹாஸ்கெல் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பிறகு ஆஸ்கர் வேறு வழியில்லாமல் தொப்பியைக் கழற்றினார்.

ஒரு தட்டச்சுப் பொறி நின்றது. அப்புறம் இன்னொன்று. கால் மணி நேரத்தில் கதவு திறந்தபோது, உள்ளே வரிசையாகப் பன்னிரண்டு பொம்மைகள். வெளியே, அவற்றுக்கு எதிரில், அதே வழுக்கையோடும் அதே விறைப்போடும் பூட்டுக்காரர். எல்லோரும் பொம்மையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வேரா மட்டும் தலையைத் தூக்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாஸ்கெல் தொண்டையைச் செருமிக்கொண்டு ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். முழுப் பேர் என்ன என்று கேட்டார்.

ஓ. ட்வைட்டன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ரசீதுகளில் அவர் எப்போதும் அப்படித்தான் போடுவார். ஆஸ்கர் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஆஸ்கர்" என்றார். "ஆஸ்கர் ட்வைட்டன். அதோ உட்கார்ந்திருக்கே, வேரா, அவளுக்குத் தாய்மாமன்."

முதலில் சிரித்தது கோப்பு அடுக்குகிற பெண். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. ஒருத்தி எழுந்துபோய் வேராவின் தோளில் கைபோட்டாள். ஹாஸ்கெல் பேனாவில் மை இல்லை என்று உதறிக்கொண்டே இருந்தார். நிருபரிடம் சொன்னதை அவர் பின்னால் திருத்தவும் இல்லை. ஆனால் அந்த அறையில் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை.

ஆஸ்கர் கருவிகளைப் பையில் போட்டார். தொப்பியை வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். முன்வரிசைப் பொம்மையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து கட்டம்போட்ட கைக்குட்டையை எடுத்து, முக்கோணமாக மடித்து, அதன் இடுப்பில் சுற்றி, அவிழாதபடி இரண்டு முடிச்சுப் போட்டார்.