துக்க வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும்

எங்கள் மூத்த பையன் இறந்து மூன்று மாதம் கழித்து வந்த தீபாவளி அது. அவனுக்கு எட்டு வயது. காய்ச்சல் என்று இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, பட்டாசு கூடாது. எங்கள் நெசவாளர் பேட்டையான பிள்ளையார்பாளையமே தறியை நிறுத்திவிட்டுப் புதுத்துணி உடுத்தியிருக்க, என் வீட்டுக்காரர் மட்டும் தறிக்குழியில் இறங்கி நெய்துகொண்டிருந்தார்.

ஐந்து வயது மகளுக்கு நாங்கள் உண்மையைச் சொல்லவில்லை. காரியம் முடியும்வரை தென்னேரியில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். அண்ணன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று சொல்லிவைத்தோம். "பொங்கல் போவட்டும், சொல்லிக்கலாம்" என்பார் அவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் வாய் எழவில்லை.

வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வாசலுக்கு ஓடினாள். பார்க்கச் சகிக்கவில்லை. நான் எட்டாவது படித்தபோது டீச்சர் செய்துகாட்டியவை நினைவுக்கு வந்தன. பண்டிகைதானே கூடாது, சயின்ஸ் கூடாது என்று எவரும் சொல்லவில்லையே.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் சுருங்கி அணைந்தது. தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. அவள் கைதட்டினாள். சுடர் அணைவதை மறுபடி என்னால் பார்க்க முடியவில்லை, மெழுகுவர்த்தியை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்து அதே தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீர். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் துளி சேர்த்ததும் சிவந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்ததும் மறுபடி மஞ்சள். அவளே சுண்ணாம்பு போட்டு இன்னொரு தரம் சிவக்கவைத்தாள். நான் அரிசி களையப் போனேன்.

எதிர்வீட்டம்மாவின் குரல் கேட்டு ஓடிவந்தேன். வாசற்படியில் சிவப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெறும் தட்டு மகள் கையில்.

"இன்னாம்மா இது? துக்க வூட்டு வாசல்ல ஆரத்தி ஊத்தி வெச்சிக்கினு! மூணு மாசத்துலயே பெத்த வயிறு ஆறிப்போச்சா?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பாள். அதற்குள் தறி நின்றது. வீட்டுக்காரர் வந்து மகளிடம் குனிந்தார்.

"ஏம்மா இங்க ஊத்துன?"

"மொத வாட்டி அண்ணன் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்ப, அம்மா ஆரத்தி சுத்தி இங்கதானப்பா ஊத்துச்சு? இப்ப நான் முன்னாடியே ஊத்திட்டேன். அண்ணன் சீக்கிரம் வந்துடும்ல?"

எதிர்வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்காரர் உள்ளே போய்த் தறிக்குழியில் இறங்கினார். தறிச் சத்தம் மட்டும் எழவில்லை.

படியிலேயே அவளை மடியில் உட்காரவைத்தேன். "அண்ணன் இனிமே வராது கண்ணு. செத்துப்போச்சு" என்றேன். வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகே வந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாதம்மா. பாவம், அழுவாரு."

ரகசியம் பேசத் தெரியாத வயது. உள்ளே இருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. அவர் வாய்விட்டு அழுது நான் கேட்டது அன்றுதான்.